நாங்கள் மூவரும் எந்திரமாக இருந்த வருடம்

என் வீட்டுக்காரருக்கு எதையும் வேண்டாம் என்று ஒதுக்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு மேசை விசிறி வாங்கலாம் என்று பேச்செடுத்தோம். புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதிக் கடைகள் எல்லாவற்றையும் பார்த்தார். திருச்சிக்குப் போயும் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு விசிறியிலும் நல்லது என்ன, கெட்டது என்ன என்று யோசித்து யோசித்தே மூன்று கோடை போய்விட்டது. நாலாவது சித்திரையில் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு கடையில் ஏறினேன். முதல் விசிறியைச் சுற்றவிட்டேன், கடகடவென்று சத்தம் போட்டது, வேண்டாம் என்றேன். இரண்டாவதை வாங்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினேன். “மத்ததெல்லாம் பாத்தியா?” என்றார். “இது சுத்துதுல்ல?” என்றேன். அன்று ராத்திரி அந்த விசிறிக்குக் கீழே முதலில் தூங்கியவர் அவர்தான்.

அவர் காலேஜில் கணக்கு லெக்சரர். நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பொன்னமராவதியில் எங்கள் அப்பாவுக்கு மளிகைக்கடை. கல்லாப் பக்கத்திலேயே வளர்ந்தவள் என்பதால் எனக்கு முடிவு சட்டென்று வரும், கோபமும் அப்படியே வரும். அவருக்கு இரண்டுமே வராது. பல்லவன் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் மாமனாரும் இருந்தோம். மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். நான் சொல்லப்போவது அறுபதுகளின் நடுவில் நடந்தது.

மாமனாரை நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை ஆத்தா என்பார். சமஸ்தானத்து ரிக்கார்டு ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போய் எங்கள் ஊர் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தபோது, கட்டுக்கட்டாக இருந்த காகிதங்களை எண்ணி ஒப்படைத்தவர்களில் அவரும் ஒருவர். “ராஜா ராஜ்யத்தையே குடுத்தாரு. நான் ஒரு பீரோச் சாவியக் குடுக்க அழுதேன் ஆத்தா” என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் சதுரங்கம். பால்காரர் வந்தால் பால்காரரோடு ஆடுவார், எதிர் வீட்டுக் கம்பவுண்டர் வந்தால் அவரோடு ஆடுவார். நான் கல்யாணமாகி வந்த முதல் மாதமே எனக்கும் கற்றுக்கொடுத்து, அந்த மாதம் முழுவதும் என்னைத் தோற்கடித்தார்.

அது நாட்டு ஆட்டம். இன்றைக்குப் பிள்ளைகள் ஆடுவதற்கும் அதற்கும் சில வித்தியாசங்கள் உண்டு. நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும், முதல் தடவையானாலும் சரி. ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. அதுவரை செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். எத்தனையோ ஆட்டங்களில் மாமாவின் ராஜா இப்படித்தான் கடைசி நிமிஷத்தில் என் கையிலிருந்து நழுவிப் போயிருக்கிறார். இங்கிலீஷ் ஆட்டத்தில் அது கிடையாது, அதற்குப் பதிலாக ராஜாவும் யானையும் இடம் மாறிக்கொள்ளலாம். “தாவத் தெரியாதவன் என்ன ராஜா? யானைக்குப் பின்னால போய் ஒளியுறவன் என்ன ராஜா?” என்று மாமா அதைக் கேலி செய்வார்.

என் வீட்டுக்காரருக்கு ஒருநாள் காலேஜ் லைப்ரரியில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை கிடைத்தது. வெளிநாட்டில் கணக்குப் போடும் எந்திரத்தைச் சதுரங்கம் ஆடப் பழக்குகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. பலகையில் எந்த நேரத்திலும் சுமார் முப்பது விதமாகக் காய் நகர்த்தலாம். அந்த ஒவ்வொன்றுக்கும் எதிராளி முப்பது விதமாகப் பதில் சொல்லலாம். நாம் ஒன்று, அவர் ஒன்று, மறுபடி நாம் ஒன்று என்று பார்த்தாலே இருபத்தேழாயிரம் நிலைகள் ஆகிவிடும். எந்திரம் அத்தனையையும் பார்த்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். பார்க்க வேண்டியதை எப்படிக் குறைப்பது என்பதுதான் கேள்வி. எதையும் ஒதுக்கத் தெரியாத மனுஷருக்கு இந்தக் கேள்வியின் மேல் போய் ஆசை வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அப்படி ஒரு எந்திரம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கிருந்த புரொபசர் ஒருவருக்குத் தனக்குத் தோன்றிய முறையை எழுதி அனுப்பினார். பதில் வந்தது. எந்திரத்துக்குக் கட்டளை எழுதத் தெரிந்த ஓர் ஆள் எங்களுக்கு வேண்டும். ஆனால் எந்திரத்தில் ஒரு மணி நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிறது, யாரோ எழுதிய முறையை அதில் போட்டுப் பார்க்க முடியாது. அதனால் எந்திரம் செய்வதை நீங்களே கையால் செய்து காட்டுங்கள். தபாலில் என்னோடு இங்கிலீஷ் விதிப்படி ஓர் ஆட்டம் ஆடுங்கள். ஒவ்வொரு நகர்த்தலோடும் எத்தனை நிலைகளைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு நிபந்தனை: முறை சொல்வதைத்தான் செய்ய வேண்டும், உங்கள் மூளை ஆடக்கூடாது. முறை தேறினால் வேலை உங்களுக்கு.

இவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் திரிந்தார். அப்படி ஓர் ஆசையை அவர் முகத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்கோ கவலை பிடித்துக்கொண்டது. வேலை கிடைத்தால் நான் பள்ளிக்கூடத்தை விட வேண்டும். அதையாவது சொல்லி அழலாம். மாமாவை என்ன செய்வது? “வேல கெடச்சா ரெண்டு பேரும் கெளம்புங்க. நான் புதுக்கோட்டைய விட்டு ஒரு அடி வரமாட்டேன். எனக்கென்ன, இங்கனயே பொங்கித் தின்னுக்கிட்டுக் கெடப்பேன்” என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். வெந்நீர் வைக்கப் போனால் அடுப்பை அணைத்துவிட்டு வருகிற மனுஷர் அவர்.

ஆக, ஆட்டம் தொடங்கியது. எந்திரத்தின் பாகங்கள் மூன்று. நான் எங்கள் பக்கத்து நகர்த்தல்களைச் சொல்ல வேண்டும். மாமா எதிராளியாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். இவர் நிலைகளை எழுதிக் காய்களுக்கு மதிப்புப் போட்டுக் கூட்டிக் கழிக்க வேண்டும். சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கு மூன்று, யானைக்கு ஐந்து என்று மதிப்பு. எழுதுவதற்கு, எங்கள் கல்யாணத்தில் மிஞ்சிப்போன பத்திரிகைகளின் பின்பக்கம். எங்கள் அப்பா கடைக்காரர் கணக்கில் தாராளமாக அடித்துவிட்டதால் இரண்டு கட்டு அப்படியே கிடந்தது.

சாயங்காலம் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை. முதல் நகர்த்தலுக்குப் பத்து நாள் ஆயிற்று. நான் ஒன்று சொல்வேன். மாமா அதற்கு முப்பது பதிலும் வரிசையாகச் சொல்வார். முப்பதையும் இவர் எழுதுவார். “ரெண்டு கட்டம் போவானா சிப்பாய்? குடிச்சிருக்கானா?” என்று மாமா இடையிடையே இங்கிலீஷ் ஆட்டத்தைத் திட்டுவார். எனக்கு ஒரு நல்ல நகர்த்தல் கண்ணுக்குத் தெரிந்து, “இத வைங்க, இதுதான் சரி” என்றால் இவர் பேனாவை நீட்டி, “ஒனக்குத் தெரியக்கூடாது. நீ எந்திரம்” என்பார். ஒருநாள் எந்திரம் எழுந்துபோய்ச் சமையல்கட்டில் பாத்திரத்தை நங்கென்று வைத்தது. அன்றைக்கு வேலை அதோடு முடிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சந்தைக்கு என்னோடு இவரும் வந்தார். குழம்புச்சட்டி வாங்க வேண்டியிருந்தது. நான் ஒரு சட்டியை எடுத்துத் தட்டுவேன், பிறகு வெயிலுக்கு நேரே தூக்கி உள்ளே பார்ப்பேன். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். இவர் நான் கீழே வைத்த சட்டியைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன பாக்குறீங்க?”

“இதுல இன்னும் எங்கெங்க ஓட்டை இருக்குன்னு பாக்குறேன்.”

“ஒரு ஓட்டை இருந்தா போதாதா? எண்ணியா வாங்கப் போறோம்?”

சொன்னதும் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். சட்டிக்காரி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையும் இதுதானே! நான் ஒரு நகர்த்தல் சொல்கிறேன். மாமா சொல்லும் முதல் பதிலிலேயே எங்கள் யானை போய்விடுகிறது என்றால், ஏற்கனவே கையில் இருக்கும் நல்ல நகர்த்தலைவிட இது மட்டம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மீதி இருபத்தொன்பது பதிலையும் எதற்குக் கேட்க வேண்டும்? சட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். இவர் சந்தை என்றும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். சட்டி வாங்க மறந்து வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு வேலை மடமடவென்று ஓடியது. மாமாவுக்கு உத்தரவு மாறியது: எல்லாப் பதிலையும் சொல்ல வேண்டாம், எது எங்களை அதிகம் நோகடிக்குமோ அதை முதலில் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை. நான் வாயைத் திறந்து முடிப்பதற்குள் “போச்சு” என்பார். எங்கே போச்சு என்று காட்டுவார். உண்மையாகவே போயிருக்கும். ஆயிரக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்த இடத்தில் முந்நூறு, இருநூறு என்று குறைந்தது. ஒரு தடவை நாற்பதே நிலைகளில் விடை வந்தது. அன்றைக்கு இவர் அல்வா வாங்கி வந்தார், யோசிக்காமல், முதல் கடையிலேயே.

இன்னொரு சிக்கனத்தை மாமா கண்டுபிடித்தார். ஒரு சாயங்காலம் இவர் எழுதப்போன நிலையைப் பார்த்துவிட்டு, “இத நேத்தே பாத்தாச்சே” என்றார். நகர்த்தல்களின் வரிசைதான் வேறு. முன்னது பின்னதாக மாறி அதே நிலை வந்திருந்தது. “திருமயம் வழியாப் போனாலும் குழிபிறை வழியாப் போனாலும் பொன்னமராவதி ஒண்ணுதான? மறுபடி ஒருக்கா ஊர அளந்துக்கிட்டு இருப்பியா?” என்று மகனைக் கேட்டார். மறுநாளே ரிக்கார்டு ரூம் எங்கள் வீட்டில் உயிர்த்தெழுந்தது. எங்கள் ராஜா எந்தக் கட்டத்தில் நிற்கிறாரோ அந்தக் கட்டத்தின் பேரில் ஒரு கட்டு. அதற்குள் மிச்சக் காய்களின் எண்ணிக்கைப்படி சின்னக் கட்டுகள். கட்டுக்குக் கட்டு நாடா, நாடாவில் சீட்டு. ஒரு நிலை வந்ததும் அவர் எழுந்துபோய், நான் மூச்சு விட்டு வாங்குவதற்குள் பழைய காகிதத்தைக் கொண்டுவந்து போடுவார். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பால்காரரிடம் “இப்ப நேரமில்லப்பா, வேலையா இருக்கேன்” என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கூடவே, இந்த வேலை ஜெயித்தால் மாமா தனியாகத்தானே கிடக்கப்போகிறார் என்ற நினைப்பும் வந்து குத்தும்.

வெறும் எண்ணும் எழுத்துமாக வாராவாரம் பெங்களூருக்குக் கார்டு போவதும் வருவதுமாக இருந்ததில் போஸ்ட் மாஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாகிஸ்தான் யுத்தம் நடந்து முடிந்திருந்த சமயம். என்ன இதெல்லாம் என்று விசாரிக்க நேரில் வந்தார். மாமா அவரை உட்காரவைத்து, எந்திரம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினார். போஸ்ட் மாஸ்டர் இரண்டு காபி குடித்தார், நடுவில் ஒரு தடவை கண்ணயர்ந்தார், பிறகு தலைவலி என்று சொல்லிக் கிளம்பிப் போனார். அப்புறம் எங்கள் கார்டு ஒன்றுகூடத் தாமதமானதில்லை.

தை பிறந்தபோது எங்கள் பக்கம் நன்றாக இருந்தது. எதிராளியின் ராஜா இன்னும் முதலில் நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு சாயங்காலம், ஒரு நல்ல நகர்த்தல் கையில் இருக்கும்போது நான் அடுத்துச் சொன்னது, யானையைக் கொண்டுபோய் அவர் ராஜாவுக்குப் பக்கத்தில் இலவசமாக நிறுத்துவது. செக்கூடக் கிடையாது. வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும், எப்படிப் போனாலும் அடுத்த நகர்த்தலில் செக்மேட் என்று எனக்கு ஒரு வேகம். சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மாமா பலகையைப் பார்த்தார். “போச்சு ஆத்தா. தப்பிச்சிருவான்” என்றார். அவர் விரல் வைத்துக் காட்டிய கட்டத்தில் ராஜா நின்றால் உண்மையிலேயே செக்மேட் இல்லை. யானை மட்டும் வீணாகப் போகும். இவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு கோடு போட்டார். நானும் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்ததைச் சொன்னேன். ஒரு பதிலோடு அந்தக் கிளை முடிந்தது. முறைப்படி அப்படித்தான் முடிய வேண்டும்.

ஆட்டம் அதற்குப் பிறகு இழுத்துக்கொண்டே போனது. பங்குனியில் இரண்டு பக்கமும் காய்கள் தேய்ந்துபோய் டிரா என்று புரொபசர் எழுதினார். தோற்கவில்லை என்று நாங்கள் மூச்சு விட்டோம். அதே கார்டின் அடியில் இன்னும் சில வரிகள் இருந்தன. உங்கள் எண்ணிக்கைகள் ஆச்சரியமாக இருக்கின்றன. ஆனால் தை மாதத்தில் யானையை ஓரிடத்தில் நிறுத்தியிருந்தால் அடுத்த நகர்த்தலில் என் கதை முடிந்திருக்கும். நான் பயந்துகொண்டே இருந்தேன். உங்கள் முறை அதை ஏன் தவறவிட்டது? முறையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன், காரணம் எழுதுங்கள்.

உடனே பலகையை விரித்து அந்த நிலையை அடுக்கினோம். நான் யானையை அன்று சொன்ன இடத்தில் வைத்தேன். “தப்பிச்சிருவான்னு பாத்தோமே” என்று சொல்லிக்கொண்டே மாமா எதிராளியின் ராஜாவைத் தூக்கினார். இரண்டு கட்டம் நேரே, ஒரு கட்டம் பக்கத்தில். கை பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. ராஜா அவர் விரலுக்கு நடுவில் அந்தரத்தில் இருந்தார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். இங்கிலீஷ் ஆட்டத்தில் ராஜா தாவ மாட்டார். இத்தனை மாதத்தில் சிப்பாய் இரண்டு கட்டம் போவது மாமாவுக்குப் பழகிவிட்டது, ராஜாவும் யானையும் இடம் மாறுவதும் பழகிவிட்டது. ஆனால் நாற்பது வருஷமாக ஆபத்து வந்தால் தாவிய ராஜா, ஆபத்து வந்ததும் தாவிவிட்டார். மாமா கையில் பழகிய எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. வேறு எந்த ஊர்க்காரன் பார்த்திருந்தாலும் “என்னய்யா இது” என்று கேட்டிருப்பான். நாங்கள் மூன்று பேரும் தலையை ஆட்டிவிட்டு, இல்லாத ஓட்டைக்காக நல்ல சட்டியைக் கீழே வைத்திருந்தோம்.

மாமா ராஜாவைப் பலகைக்கு வெளியே வைத்தார். “எம் புள்ள வேலய நானே கெடுத்துட்டேன்” என்றார். அன்றைக்குச் சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

இவர் மறுநாள் காலையில் பதில் எழுதி முடித்துவிட்டு என்னிடம் காட்டினார். முறையில் ஒரு குறை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்கு இன்னும் காலம் வேண்டும் என்று எழுதியிருந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“எதுக்குப் பொய் எழுதுறீங்க? மொறையில என்ன கோளாறு? தப்பாச் சொன்ன பதிலுக்குச் சரியாத்தான கோடு போட்டுச்சு?”

“மொறை சரின்னு எழுதுனா, அப்பா தப்புன்னு எழுதணும்.”

“இப்படி எழுதுனா வேல போயிரும்.”

“போகட்டும். ஊரு பேரு தெரியாத ஒருத்தருக்கு எங்கப்பா தப்புப் பண்ணிட்டாருன்னு என் கையால எழுதமாட்டேன்.”

இந்த ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. வேறு வழி இருக்கிறதா என்று ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த ஆசையை அப்படியே எடுத்துக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்ய முடியாமல் அழுதேன்.

மாமா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்து கையை நீட்டினார். இவர் தயங்கித் தயங்கிக் காகிதத்தைக் கொடுத்தார். படித்துவிட்டு நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, சமஸ்தானத்து மனு எழுதும் இங்கிலீஷில், தானே ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

கீழே கையொப்பமிட்டிருக்கும் ரிக்கார்டு ரூம் ஊழியர், ஓய்வு, தங்கள் சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. மேற்படி ஆட்டத்தில் எதிராளியின் ஸ்தானத்தில் உட்கார்ந்திருந்த மனுதாரர், தன் ஊர் வழக்கப்படி ராஜாவைக் குதிரையாகத் தாவவிட்டார். இந்த விஷயம் முறைக்குத் தெரியாது. பொய்ச் சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொன்ன நீதிபதி குற்றவாளி ஆகமாட்டார், சாட்சிதான் குற்றவாளி. ஆகவே குற்றம் மனுதாரருடையது, முறை நிரபராதி. மனுதாரரின் மகன் இந்த உண்மையைத் தானே எழுத மறுப்பதால் மனுதாரர் எழுத நேர்ந்தது.

கையெழுத்துக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தார். இவர் தடுக்க வந்தார். “தள்ளுடா. தப்புப் பண்ணுனவன் கையெழுத்துப் போடணும். அதான் ஆபீசு” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தானே தபாலாபீசுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். அவர் திரும்பி வரும் வரை நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பதில் வரும் வரையில் எங்கள் வீட்டில் பலகையை யாரும் தொடவில்லை. சித்திரை நடுவில் ஒரு நீளமான கவர் வந்தது. உள்ளே வேலைக்கான ஆர்டர். கூடவே புரொபசர் கையால் எழுதிய ஒரு சின்னக் கடிதம். உங்கள் தகப்பனாரின் மனுவை இங்கே எல்லோரும் படித்தோம், வாக்கியத்துக்கு வாக்கியம் உண்மை. தவறான விதியைக் கொடுத்தும் முறை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் வந்து சேருங்கள். எந்திரத்துக்கு ஆட்ட விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் நாளில் மட்டும் தகப்பனாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசி வரியைப் படித்து மாமா விழுந்து விழுந்து சிரித்தார். கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டினார், பால்காரருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். என் தலையில் கைவைத்து, “ஒன்னோட யானை நல்ல யானை ஆத்தா” என்றார்.

இவர் பழையபடி ஆகிவிட்டார். போகலாமா, வேண்டாமா, அப்பாவை யார் பார்ப்பார்கள், அரிமளத்து அத்தை வந்து இருப்பாளா, மாதம் ஒருமுறை வந்து போகலாமா, ஒரு வருஷம் தள்ளிக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொரு கிளையாகப் பிடித்துத் தொங்கினார். எதையும் ஒதுக்க முடியவில்லை. புரொபசர் சொன்ன ஒரு மாதத்தில் பாதி போய்விட்டது. நானும் மாமாவிடம் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். “ஒரு அடி வரமாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்ல” என்பதற்கு மேல் அவர் இறங்கி வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் இவர் மறுபடியும் அதையே ஆரம்பித்தார். மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னும் என்னடா யோசிச்சுக்கிட்டு இருக்க? பக்கத்துல வச்சிக்க வேணாம்னு அந்தப் புரொபசரே எழுதிட்டாரு. என்னய எந்தக் கணக்குலயும் சேக்காத. நான் இல்லன்னு வச்சிக்கிட்டுப் போ” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

என்னால் தாங்க முடியவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்து நின்றேன். அதுவரை மாமாவை எதிர்த்து நான் குரல் உயர்த்தியது கிடையாது.

“என்ன பேச்சு மாமா இது? நீங்க இல்லாத கணக்கு எங்ககிட்ட எது இருக்கு? காட்டுங்க பாப்போம். இந்த வேல ஒங்களாலதான் வந்துச்சு. ஒங்க கையெழுத்துலதான் வந்துச்சு. நீங்க வரலன்னா அந்த ஆர்டர இப்பவே அடுப்புல போட்டுருவேன். ஒங்க மகனுக்கு முடிவெடுக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். எடுத்துட்டேன்.”

மாமா என்னையே பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. எழுந்து உள்ளே போய்விட்டார். ரொம்பப் பேசிவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் போய் அரிசியை உலையில் போட்டேன்.

சோறு கொதிக்கத் தொடங்கிய பிறகு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“ஏன் ஆத்தா, பெங்களூருல குளிருமாமே?”